இணைப்பு பதினான்கு

பக்கத்துக்கு ரெண்டு ரூபாய்.
மதுரைக் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில்
ஜெராக்ஸ் கடைப் பையன் கேட்டான்:
"முழு அறிக்கையா அக்கா,
இல்ல எல்லாரும் கேக்குற பதினாலு மட்டுமா?"

பதினாலு மட்டும் என்றேன்.
அவனுக்கு என்னைத் தெரியவில்லை.
தாள்கள் சூடாக வந்தன,
பக்கம் 212 முதல் 234 வரை.

செம்மினிக் கண்மாய் மடை உடைந்ததை
விசாரித்த ஆணையம்
பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது:
உதவிப் பொறியாளர் ஒச்சப்பனும்
ஒன்றிய அலுவலக இளநிலை உதவியாளர் ஜெ. என்பவரும்
பதினெட்டு மாதம் அனுப்பிக்கொண்டவை.

பெயரைக் கறுப்பு மையால் அடைத்துவிட்டு
முதலெழுத்தை விட்டிருக்கிறார்கள்.
எங்கள் அலுவலகத்தில் ஜெ. நான் ஒருத்திதான்.
கைபேசி எண்ணுக்கு மேல் கறுப்பு.
தூரமான நாளில் நான் சொன்ன இடுப்புவலிக்கு மேல் இல்லை.
அம்மாவின் ஆபரேஷனுக்கு அடகுவைத்த
வளையல் கணக்குக்கு மேல் இல்லை.

"சாப்டீங்களா" நூற்று முப்பத்தேழு முறை
என்கிறது அடிக்குறிப்பு.
யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்.
கரண்ட் பில் எடுக்க வருகிறவரிடமும்
நாங்கள் கேட்கிற கேள்விதான்.
இப்போது மேலூர் பஸ் ஸ்டாண்டில்
நான் நடந்தால், முதுகுக்குப் பின்னால்
அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்.
வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை.
சார்ஜரைப் பிடுங்கி
அவர் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

பக்கம் 219, அழுத்தமான அடிக்கோடு:
"அயிரை அரைக் கிலோ கிடைச்சது."
ஓரத்தில் ஆணையத்தின் குறிப்பு:
கையூட்டுக்கான குறிச்சொல்லாக இருக்கலாம்,
தொகை ஐம்பதாயிரமாக இருக்கலாம்.

ஐயா, அது மீன்.
விடியற்காலை வரிசையில் நின்று
வாளித் தண்ணீரில் உயிரோடு வாங்கி வந்தார்.
பாலில் விட்டு
மண்ணைக் கக்கவைத்துக் கழுவினேன்.
டிபன் பாக்ஸில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.
எங்களுக்குள் இருந்தது அந்தப் பாதிதான்.
அதற்கு மேல் இருந்ததா என்று
நானே என்னைக் கேட்டதில்லை;
அறிக்கை கேட்டுவிட்டது.

பக்கம் 231.
கோடு இல்லை, குறிப்பு இல்லை.
"மழை வருமா?"
"வரும். நாளைக்கு."

தேதி இருக்கிறது, மே பதினாறு.
அக்கினி நட்சத்திரத்தில்
நாளைக்கு மழை என்று
ஒருத்தி எப்படிச் சொன்னாள் என
ஒருவருக்கும் தோன்றவில்லை.

மழை என்றால் சென்னையிலிருந்து வரும் ஆய்வுக்குழு.
கடிதம் முதலில் என் மேஜைக்குத்தான் வரும்.
அன்று ராத்திரி லாரியில் நாலு மூட்டை சிமெண்டு போனது.
விரிந்த மடைக்கல்லின் முகத்தில்
பவுடர் பூசினார்கள்.
மறுவாரம் பில் பதிவேட்டில்,
எல்லாரும் மெச்சும் என் கையெழுத்தில்
எழுதினேன்: மடை புதுப்பிக்கப்பட்டது.

ஐப்பசியில் நிஜ மழை.
வயலில் காவலுக்குப் படுத்திருந்த அழகுமலையை
மூன்றாம் நாள்
கருவேல மரத்தடியில் எடுத்தார்கள்.
பெய்த அந்த ராத்திரி
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
234ஆம் பக்கத்தில் பாதி வெறும் தாள்.

ஐம்பது ரூபாய் நீட்டினேன்.
நாலு ரூபாய் சில்லறைக்குப்
பக்கத்து டீக்கடைக்கு ஓடினான் பையன்.
மெஷின் மேல் கடையின் மூலப்பிரதி கிடந்தது.
அடுத்து வருகிறவருக்கும்
அதிலிருந்துதான் எடுப்பான்.

நூலில் கட்டித் தொங்கிய பேனா
முதலில் எழுதவில்லை.
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன்.
231ஐப் பிரித்து
மழைக்கு அடியில்
ஒரு கோடு போட்டேன்,
ஸ்கேல் இல்லாமல்.